ஆலை இடையூறுகளும் உடம்பின் கட்டுப்பாட்டு முறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ட்ரோல் ரூமில் வேலை செய்பவர்களையும், இன்ஸ்ட்ருமென்டேஷன் அல்லது கெமிக்கல் படிக்கும் மாணவர்களையும் மனதில் வைத்து எழுதியது இது. பி.ஐ.டி. கண்ட்ரோலர் என்றால் என்னவென்று தெரிந்தால் போதும். உயிரியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, தேவைப்படும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

இடையூறு என்று எதைச் சொல்கிறீர்கள்?

பாடப்புத்தகத்தில் செட்பாயிண்ட்டை, அதாவது பிடித்து வைக்க வேண்டிய இலக்கு மதிப்பை, ஒரு படி உயர்த்தி, வெளியீடு எப்படி ஏறுகிறது என்று வரைபடம் போட்டுக் காட்டுவார்கள். ஓடுகிற ஆலையில் செட்பாயிண்ட் நாள் முழுக்க அப்படியே கிடக்கும். மாறுவது மற்றதெல்லாம்தான். மழை பெய்து குளிர்விக்கும் நீர் சில்லிட்டுவிடும். புது லோடு நிலக்கரி வேறு சாம்பல் அளவோடு வரும். பக்கத்து யூனிட் திடீரென்று நீராவியை இழுக்கும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாயில் மெல்ல மெல்ல அழுக்குப் படியும். இவையெல்லாம் இடையூறுகள். கண்ட்ரோலரின் உண்மையான வேலை இவற்றின் பாதிப்பு பொருளின் தரத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்வது.

உயிருள்ள உடம்பின் நிலையும் இதுதான். வெயில், பட்டினி, ஓட்டம், காய்ச்சல் எது வந்தாலும் உள்ளே சில அளவுகள் அசையக்கூடாது. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார்ட் இந்த உள் சூழலின் நிலைத்தன்மையைப் பற்றி எழுதினார். 1926-இல் அமெரிக்கரான வால்டர் கேனன் அதற்கு ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயர் வைத்தார். ஆகவே ஆலைப் பொறியாளர் உடம்பை எட்டிப் பார்ப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பி.ஐ.டி. இருக்கும்போது உயிரியல் எதற்கு?

பி.ஐ.டி.-யே ஓரளவுக்கு உயிரியலைப் பார்த்து வந்ததுதான். 1922-இல் நிக்கோலஸ் மினோர்ஸ்கி கப்பல்களைத் தானாகச் செலுத்தும் முறையைக் கணிதமாக எழுதினார். அனுபவமுள்ள சுக்கான்காரர் கப்பல் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை, எவ்வளவு வேகமாக விலகுகிறது, எவ்வளவு நேரமாக விலகியே இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்கிறார் என்று அவர் கவனித்திருந்தார். நாம் இன்று டி.சி.எஸ். (ஆலை முழுவதையும் கட்டுப்படுத்தும் கணினி அமைப்பு) திரையில் தட்டும் பி (விகிதம்), ஐ (தொகையீடு), டி (மாறும் வேகம்) என்ற மூன்று எண்களுக்கும் வேர் அங்கே இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் நியூ மெக்சிகோ போர்க்கப்பலில் அந்தக் கருவியைச் சோதித்தும் பார்த்தார்கள்.

பி.ஐ.டி. போதாது என்று நான் சொல்லவில்லை. ஒரு அளவுக்கு ஒரு வால்வு என்றால் நன்றாகவே போதும். உடம்பிடம் புதிதாகக் கற்க இருப்பது வேறு விஷயம்: ஒரே அளவைப் பிடித்து வைக்க இரண்டு மூன்று கருவிகள் இருந்து, அவற்றின் வேகமும் செலவும் வெவ்வேறாக இருந்தால் வேலையை எப்படிப் பங்கு பிரிப்பது? இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

உடம்பு இரத்த அழுத்தத்தை எப்படிப் பிடித்து வைக்கிறது?

படுத்திருக்கும் நீங்கள் சட்டென்று எழுந்து நிற்கிறீர்கள். ஏறக்குறைய அரை லிட்டர் இரத்தம் கால்களுக்கும் அடிவயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது, அழுத்தம் விழுகிறது. இது ஒரு படி இடையூறு, அதாவது ஒரே தாவலாக வந்து நிற்பது.

கழுத்துத் தமனி கிளை பிரியும் இடத்திலும் பெருந்தமனி வளைவிலும் அழுத்த உணரிகள் இருக்கின்றன. உண்மையில் அவை உணர்வது தமனிச் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை. செய்தி மூளையின் முகுளத்துக்குப் போகிறது. அங்கிருந்து இரண்டு வழிகளில் பதில் வருகிறது.

முதல் வழி வேகஸ் நரம்பு. இது இதயத் துடிப்பை நேரடியாக மாற்றும், அதுவும் ஒரு நொடிக்குள், பெரும்பாலும் அடுத்த துடிப்பிலேயே. இரண்டாவது வழி பரிவு நரம்புகள். இவை இரத்தக் குழாய்களை இறுக்கி எதிர்ப்பைக் கூட்டும். ஓரிரு நொடி தாமதித்துத்தான் தொடங்கும், முழு விளைவு தெரியப் பல நொடிகள் ஆகும்.

இப்போது செலவு. இதயத்தை நீண்ட நேரம் கூடுதலாக ஓட்டுவது உடம்புக்கு விலை அதிகம். குழாய்களைக் கொஞ்சம் இறுக்கி வைத்திருப்பது மலிவு. எனவே வேகமான, விலை அதிகமான கருவி முதலில் பாய்ந்து நிலைமையைத் தாங்குகிறது. மெதுவான, மலிவான கருவி பின்னால் வந்து சுமையை வாங்கிக்கொள்கிறது. முதல் கருவி தன் ஓய்வு நிலைக்கு மெல்லத் திரும்புகிறது, அடுத்த இடையூறுக்குத் தயாராக.

இதற்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு அடுக்கு உண்டு. மணிக்கணக்கில், நாள் கணக்கில் வேலை செய்யும் சிறுநீரகம். அழுத்தம் கூடினால் உப்பும் நீரும் அதிகம் வெளியேறும், இரத்த அளவு குறையும், அழுத்தம் இறங்கும். பிழை பூஜ்யமாகும் வரை இது நிற்காது என்று வாதிட்டவர் உடலியலாளர் ஆர்தர் கைட்டன். கெயின், அதாவது பிழையைத் திருத்தும் வலு, முடிவிலி என்றே அவர் சொன்னார். கண்ட்ரோல் மொழியில் அது தொகையீட்டுப் பகுதி, அதாவது நமது ‘ஐ’. 1973-இல் கைட்டனின் குழுவினர் நாய்களில் அழுத்த உணரி நரம்புகளைத் துண்டித்துப் பார்த்தபோது, நாள் முழுவதற்குமான சராசரி அழுத்தம் பெரிதாக மாறவில்லை. ஆனால் நேரத்துக்கு நேரம் ஏற்ற இறக்கம் வெகுவாகக் கூடிவிட்டது. வேகமான அடுக்கு அலைச்சலைக் குறைக்கிறது, மெதுவான அடுக்கு சராசரியைக் காக்கிறது. ஆலையில் லூப் (உணரி, கண்ட்ரோலர், வால்வு சேர்ந்த சுற்று) பிரச்சினை என்று யாராவது வந்தால், இந்த இரண்டில் எது கெட்டிருக்கிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

இதை ஆலைக்குக் கொண்டுவந்தது யார்?

டூபாண்ட் நிறுவனத்தைச் சுற்றி 1990-களில் நடந்த வேலை இது. மைக்கேல் ஹென்சன், பாபாதுண்டே ஒகுன்னைகே, ஜேம்ஸ் ஷ்வேபர் ஆகிய மூவரும் 1995-இல் மேற்சொன்ன அழுத்த அனிச்சையை வைத்து ஒரு கட்டுப்பாட்டு முறையை வெளியிட்டார்கள். ‘ஹாபிச்சுவேட்டிங் கண்ட்ரோல்’, அதாவது பழகிக்கொள்ளும் கட்டுப்பாடு, என்பது அதன் பெயர். ஒரு வெளியீடு, இரண்டு உள்ளீடுகள். ஒன்று வேகமானது, விலை அதிகம். மற்றொன்று மெதுவானது, மலிவு. வேகமானது இடையூறை உடனே விழுங்க வேண்டும், பிறகு தனக்கென்று குறித்த ஓய்வு மதிப்புக்குத் திரும்பிவிட வேண்டும்.

நரம்பணு மாதிரிகளிலிருந்து புறப்பட்டாலும், முடிவில் அவர்கள் கொடுத்தது ஆலையில் கட்டக்கூடிய வடிவம். ஒன்று நேரடியாகக் கணக்குப் போட்டு வடிவமைப்பது, மற்றொன்று மாடல் பிரெடிக்டிவ் கண்ட்ரோல் (ஆலையின் கணித மாதிரியை வைத்து முன்கூட்டிக் கணித்துச் செயல்படும் முறை) வழி. உயிரியலைச் சுமந்து வரும் பல ஆராய்ச்சிகள் இந்தக் கடைசிப் படியைத் தாண்டுவதில்லை.

ஒரு எண் உதாரணம் தர முடியுமா?

கழிவுநீரை நடுநிலையாக்கும் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமிலக் கழிவு வருகிறது, காஸ்டிக் சேர்த்து பி.எச். 7-இல் வைக்க வேண்டும். காஸ்டிக் லைனில் இரண்டு வால்வுகள் இணையாக இருக்கின்றன. பெரிய வால்வு முழுதும் திறந்தால் மணிக்கு 1,000 லிட்டர், சின்ன வால்வு முழுதும் திறந்தால் 100 லிட்டர். கணக்கு எளிதாக இருக்க இரண்டும் நேர்கோட்டு வால்வுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெரியது 60 சதவீதம், அதாவது 600 லிட்டர். சின்னது 50 சதவீதம், 50 லிட்டர். மொத்தம் 650.

அமிலம் கொஞ்சம் கூடுகிறது, 680 லிட்டர் தேவை. பி.எச். கண்ட்ரோலர் சின்ன வால்வை மட்டும் பார்க்கிறது, உடனே 80 சதவீதத்துக்குத் திறக்கிறது. பி.எச். காப்பாற்றப்பட்டது. ஆனால் சின்ன வால்வுக்கு மேலே இன்னும் 20 சதவீதம்தான் மிச்சம். இங்கே இரண்டாவது கண்ட்ரோலர் உள்ளே வருகிறது. அதன் கண்ணுக்குப் பி.எச். தெரியாது, சின்ன வால்வின் நிலைதான் தெரியும். 50-இல் இருக்க வேண்டியது 80-இல் இருக்கிறதே என்று பார்த்து, பெரிய வால்வை மெல்ல 63 சதவீதத்துக்கு நகர்த்துகிறது. அது நகர நகர, சின்ன வால்வு தானாக 50-க்கு இறங்குகிறது. 630 கூட்டல் 50, அதே 680.

தேவை 720-ஆக எகிறியிருந்தால்? சின்ன வால்வு 120 லிட்டர் கொடுக்க வேண்டும், அதால் முடியாது. 100-இல் முட்டி நிற்கும், மொத்தம் 700. மீதி 20 லிட்டருக்குப் பெரிய வால்வு வரும்வரை பி.எச். விலகித்தான் இருக்கும். ஆக, சின்ன வால்வின் அளவைத் தேர்ந்தெடுப்பது என்றால் எவ்வளவு பெரிய திடீர் இடையூறை விழுங்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான்.

பெரிய வால்வு ஒன்றே போதாதா என்று கேட்கலாம். கிளாண்ட் பேக்கிங் (வால்வுத் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் அடைப்பு) இறுகிப்போய், 1 சதவீதத்துக்கு ஒருமுறை வெட்டி வெட்டி நகரும் வால்வு எந்த ஆலையிலும் கிடைக்கும். இந்த வால்வில் அந்த 1 சதவீதம் என்பது 10 லிட்டர். பி.எச். அளவுகோலோ மடக்கை வகை, ஒரு அலகு மாறினால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு மாறுகிறது. 7-க்கு அருகில் வளைவு செங்குத்தாக நிற்கும். அங்கே 10 லிட்டர் தாவல் பி.எச்.-ஐ இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூக்கி எறிந்துகொண்டே இருக்கும். அதே 10 லிட்டர் சின்ன வால்வுக்கு 10 சதவீத அசைவு, சுலபமாகச் சரிக்கட்டிவிடும்.

இது வால்வ் பொசிஷன் கண்ட்ரோல்தானே? மிட்-ரேஞ்சிங் என்று சொல்வார்களே?

ஆமாம். மேலே சொன்ன உதாரணம் அச்சு அசலாக அதுதான். காகித ஆலைகளிலும் சுத்திகரிப்பு ஆலைகளிலும் இதை நெடுங்காலமாகச் செய்து வருகிறார்கள், உடலியல் பாடம் எதுவும் படிக்காமலே. பொறியாளர்களும் பரிணாமமும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வித்தியாசம் இரண்டு இடத்தில் இருக்கிறது. சாதாரண வால்வ் பொசிஷன் கண்ட்ரோலில் பெரிய வால்வு நகரும்போது அதுவே பி.எச்.-க்கு ஒரு புது இடையூறு. அதைத் தாங்க வேண்டியிருப்பதால் மிக மெதுவாக ட்யூன் செய்கிறோம். ஹாபிச்சுவேட்டிங் முறையில் பெரிய வால்வின் விளைவு என்ன என்று மாடலுக்குத் தெரியும். அதனால் இரண்டையும் எதிரெதிராக ஒரே நேரத்தில் நகர்த்தி வெளியீட்டில் சலனம் தெரியாமல் சுமையை மாற்றலாம். இரண்டாவது, எந்த உள்ளீடு விலை அதிகம், அது எங்கே ஓய்வெடுக்க வேண்டும் என்ற கேள்வியை இது வடிவமைப்பின் நடுவிலேயே வைக்கிறது. மாடல் பிரெடிக்டிவ் கண்ட்ரோல் பயன்படுத்துபவர்கள் உள்ளீடுகளுக்கு இலக்கு மதிப்பு கொடுப்பார்கள் அல்லவா, அதே எண்ணம்தான்.

ஓய்வு நிலை எங்கே இருக்க வேண்டும்? மலிவு வேண்டும் என்றால் பூஜ்யத்தில் வைக்கலாமே?

அவசரப்படாதீர்கள். இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள், உடம்பு சறுக்கவில்லை.

அனல் மின் நிலையத்தின் ரீஹீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள், உயர் அழுத்த டர்பைனைக் கடந்து வந்த நீராவியை மறுபடி சூடாக்கும் பகுதி அது. மூலைகளிலிருந்து எரிக்கும் பாய்லர்களில் ரீஹீட் நீராவியின் வெப்பத்தை, நம் நாட்டு 210 மெகாவாட் யூனிட்களில் சுமார் 540 டிகிரி செல்சியஸில், பிடித்து வைக்க இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று பர்னர் டில்ட். பர்னர்களை மேலும் கீழுமாகச் சாய்த்து நெருப்புக் கோளத்தையே நகர்த்துவது. செலவு அதிகமில்லை, ஆனால் விளைவு தெரியச் சில நிமிடங்கள் ஆகும். மற்றொன்று ஸ்ப்ரே. நீராவியில் நேரடியாகத் தண்ணீர் தெளிப்பது. வேகமானது, ஆனால் விலை அதிகம். காரணம், அந்தத் தண்ணீர் உயர் அழுத்த டர்பைனுக்குள் போகாமலே நீராவியாகிறது, அதனால் மொத்தத் திறன் குறைகிறது.

அதனால் பல இடங்களில் ஸ்ப்ரேயை முழுதாக மூடிவைத்து, வெப்பம் செட்பாயிண்ட்டைத் தாண்டிச் சில டிகிரி ஏறினால் மட்டும் திறக்கும்படி அமைப்பார்கள். செலவுக் கணக்கில் இது நியாயம். ஆனால் கட்டுப்பாட்டுக் கணக்கில், மூடிக் கிடக்கும் ஸ்ப்ரே ஒரு பக்கம்தான் வேலை செய்யும். வெப்பம் விழுந்தால் ஸ்ப்ரேயைக் குறைக்க முடியாது, அது ஏற்கெனவே பூஜ்யத்தில் இருக்கிறது. மெதுவான டில்ட் வரும்வரை வெப்பம் சரிந்துகொண்டிருக்கும்.

இதயம் என்ன செய்கிறது பாருங்கள். நரம்புகள் எதுவும் தொடாமல் விட்டால் இளம் வயதினரின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். ஓய்வில் 70-ஐ ஒட்டி இருக்கக் காரணம், வேகஸ் நரம்பு எந்நேரமும் பிரேக்கை லேசாக அழுத்தி வைத்திருப்பதுதான். பிரேக்கை விட்டால் துடிப்பு கூடும், இன்னும் அழுத்தினால் குறையும். வேகமான கருவிக்கு இரு பக்கமும் இடம் இருக்கிறது.

ஸ்ப்ரேக்கும் இதேபோல் ஒரு சின்ன நேர்மதிப்பைக் கொடுத்தால் இரு பக்கமும் கட்டுப்பாடு கிடைக்கும், அதற்கு விலையாகக் கொஞ்சம் திறன் போகும். எவ்வளவு என்பதை உங்கள் யூனிட்டின் வெப்ப ஏற்ற இறக்கமும் எரிபொருள் விலையும் தீர்மானிக்கட்டும். லோடு அடிக்கடி ஏறி இறங்கும் யூனிட்டில் அந்தச் செலவைத் தாராளமாக ஏற்கலாம் என்பது என் எண்ணம். சூரிய மின்சாரம் பகலில் ஏறி மாலையில் விழும் இன்றைய நிலையில் அப்படிப்பட்ட யூனிட்கள் கூடிக்கொண்டே போகின்றன. ஒரே லோடில் ஓடும் யூனிட்டில் மூடி வைப்பதே சரி.

உயிரினங்களிலும் தொகையீட்டுப் பகுதி உண்டா, அல்லது சும்மா ஒப்பிட்டுச் சொல்கிறார்களா?

உண்டு, கணிதமாகவே காட்டியிருக்கிறார்கள். ஈ.கோலை பாக்டீரியா உணவு இருக்கும் திசையை நோக்கி நீந்துகிறது. சுற்றிலும் உணவின் செறிவு ஒரே சீராகக் கூடிவிட்டால், அதன் நீச்சல் முறை முதலில் மாறி, பிறகு சரியாகப் பழைய நிலைக்கே திரும்பும். ‘ஏறக்குறைய’ அல்ல, சரியாக. இந்தத் திரும்புதல் புரதங்களின் அளவு கூடக் குறைய இருந்தாலும் கெடாது என்பதற்கு 1997-இல் பர்காயும் லைப்ளரும் ஒரு மாதிரியைக் கொடுத்தார்கள். 2000-இல் யீ, ஹுவாங், சைமன், டாயில் ஆகியோர் அந்த மாதிரிக்குள் இருப்பது தொகையீட்டுப் பின்னூட்டமே என்று காட்டினார்கள். நிலையான இடையூறுக்குப் பிழையே மிஞ்சாமல் ஈடுகொடுக்க வேண்டுமென்றால் உள்ளே தொகையீடு இருந்தே ஆக வேண்டும். நமது பி.ஐ. கண்ட்ரோலருக்கும் (பி.ஐ.டி.-யில் ‘டி’ இல்லாதது) அதுதான் விதி, பாக்டீரியாவுக்கும் அதுதான்.

எனக்கு இன்னும் பிடித்த உதாரணம் பசு. கன்று ஈன்ற அன்று 10 லிட்டர் சீம்பால் சுரந்தால் அதில் 20 கிராமுக்கு மேல் கால்சியம் போய்விடும். அதன் இரத்தப் பிளாஸ்மாவில் எந்த நேரத்திலும் இருப்பதோ சுமார் 3 கிராம். தொட்டியில் இருப்பதைப்போலப் பல மடங்கை ஒரே நாளில் வெளியே இழுக்கும் இடையூறு இது! பெரும்பாலான பசுக்கள் தாங்கிவிடுகின்றன. ஹனா எல்-சமத், கோஃப், முஸ்தஃபா கம்மாஷ் ஆகியோர் 2002-இல் இதை பி.ஐ. கண்ட்ரோலராக விளக்கினார்கள். பாராதைராய்டு ஹார்மோன் பிழைக்கு விகிதமாக உடனே செயல்படுகிறது, அது தூண்டும் வைட்டமின் டி-யின் செயல்படு வடிவம் தொகையீட்டு வேலையைச் செய்கிறது. இந்த ஏற்பாடு ஈடுகொடுக்க முடியாமல் போகும் நிலைதான் நம் ஊர் மாட்டுக்காரர்களும் கால்நடை மருத்துவர்களும் பால் காய்ச்சல் என்று சொல்வது. பெயரில் காய்ச்சல் இருந்தாலும் உடம்பு பெரும்பாலும் சில்லிட்டிருக்கும்.

இடையூறு வருவதற்கு முன்பே தயாராக முடியாதா?

முடியும், உடம்பு அதையும் செய்கிறது. ஓடப் போகிறோம் என்று மூளை முடிவெடுத்ததுமே, தசை கேட்பதற்கு முன்பே, துடிப்பு ஏறத் தொடங்கிவிடும். சாப்பாட்டின் சுவை நாக்கில் பட்டதுமே கொஞ்சம் இன்சுலின் சுரக்கும், சர்க்கரை இரத்தத்துக்கு வந்து சேர இன்னும் நேரம் இருக்கும்போதே. இது முன்னூட்டம்.

பாய்லர் டிரம் (நீரும் நீராவியும் பிரியும் கலம்) லெவலுக்கு லெவல், நீராவி ஓட்டம், ஊட்டுநீர் ஓட்டம் என்ற மூன்று அளவுகளை வைத்துச் செய்யும் கட்டுப்பாடு இதே வேலைதான். லெவலை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். நீராவி தேவை திடீரென்று கூடினால் டிரம் அழுத்தம் விழுந்து, நீருக்குள் இருக்கும் குமிழிகள் பெருத்து, லெவல் ஏறியது போலக் காட்டும். கண்ட்ரோலர் நீரைக் குறைக்கும், குறைக்கக் கூடாத நேரத்தில். நீராவி ஓட்டத்தை நேரடியாக அளந்து ஊட்டுநீரை அதற்கேற்பக் கூட்டினால் இந்தக் கண்கட்டு வித்தை எடுபடாது. லெவல் கண்ட்ரோலர் மிச்சப் பிழையை மட்டும் மெதுவாகத் திருத்தினால் போதும்.

டெட் டைம் (வால்வை அசைத்தபின் விளைவு தெரியத் தொடங்கும் வரையான தாமதம்) அதிகமுள்ள லூப்புக்கு உடம்பிடம் வழி உண்டா?

ஓரளவு. கண் பார்த்துக் கை திருத்த ஏற்படும் தாமதம் கணிசமானது, ஆனாலும் கை அலைபாய்வதில்லை. சிறுமூளை தன் உடம்பின் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு விளைவை முன்கூட்டியே ஊகிக்கிறது என்பது ஒரு கருத்து. 1957-இல் ஓட்டோ ஸ்மித் ஆலைகளுக்காகக் கொடுத்த ஸ்மித் பிரெடிக்டர் அதே அமைப்பு. 1993-இல் மயால், வோல்பர்ட் முதலியோர் சிறுமூளை ஒரு ஸ்மித் பிரெடிக்டர்தானா என்றே கேட்டார்கள். இங்கே பொறியியல்தான் உயிரியலுக்குக் கடன் கொடுத்தது.

எறும்பு, நோய் எதிர்ப்பு மண்டலம், உணர்ச்சி மூளை, மரபணு அல்காரிதம் என்றெல்லாம் வருகிறதே, அவையும் இதுதானா?

ஒரே கூடையில் போட வேண்டாம். மரபணு அல்காரிதம், எறும்புக் கூட்ட அல்காரிதம் போன்றவை பெரும்பாலும் உட்கார்ந்து நல்ல ட்யூனிங் எண்களைத் தேடும் கருவிகள். தேடி முடித்த பிறகு ஓடுவது பழைய பி.ஐ.டி.-தான். அதற்கு உயிரியல் கட்டுப்பாடு என்று பெயர் வைப்பது கொஞ்சம் அதிகம்.

மூளையின் உணர்ச்சிக் கற்றல் மாதிரியை வைத்து ஈரானில் காரோ லூக்காஸ் குழு 2004-இல் கொடுத்த ‘பெல்பிக்’ என்ற முறை உண்மையிலேயே லூப்புக்குள் ஓடும் கண்ட்ரோலர். மோட்டார்களில் நிறையப் பேர் முயன்றிருக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. ‘உணர்ச்சிக் குறிப்பு’ என்று எதைக் கொடுப்பது என்பதை வடிவமைப்பாளரே தீர்மானிக்கிறார், பெரும்பாலும் அது பிழையும் அதன் தொகையீடும் கலந்த ஏதோ ஒன்றாக முடிகிறது. அப்படியானால் நன்மை எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பது கடினம்.

எறும்புகளை வேறு விதமாகப் பயன்படுத்திய வேலையும் இருக்கிறது. ஒவ்வொரு எறும்பும் தனக்கு முன்னால் போகிறதைத் துரத்தினாலே பாதை படிப்படியாக நேராகிவிடும் என்று 1993-இல் புரூக்ஸ்டைன் கணிதமாகக் காட்டினார். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டோ லிமாவின் குழு இதிலிருந்து ஒரு உகப்புக் கட்டுப்பாட்டு முறையை உருவாக்கி வேதி ஆலை மாதிரிகளில் சோதித்திருக்கிறது. முதல் ‘எறும்பு’ ஏதோ ஒரு பாதையில் போகும், அடுத்தடுத்தவை அதைச் செம்மைப்படுத்தும். கணக்கீட்டுச் சுமையைச் சின்னத் துண்டுகளாக உடைக்கும் வழி என்ற அளவில் சுவாரசியமானது.

உடம்பு செய்வதை எல்லாம் அப்படியே பின்பற்றலாமா?

கூடாது. உயர் இரத்த அழுத்தம் நீடித்தால் அந்த அழுத்த உணரிகள் ஓரிரு நாட்களிலேயே புது அளவுக்குப் பழகிவிடும், அப்புறம் அந்தத் தவறான அளவையே காவல் காக்கும். ஆலையில் இதற்கு நிகர், மெல்ல நகர்ந்துபோன டிரான்ஸ்மிட்டரை நம்பி ஓடும் லூப். திரையில் எல்லாம் செட்பாயிண்ட்டில் இருக்கும், ஆய்வகச் சாம்பிள் வேறு கதை சொல்லும். பி.எச். மின்முனைகள் இதற்குப் பேர்போனவை. தானாகப் பழகிக்கொள்ளும் எந்த அம்சத்தையும் அளவீட்டுப் பக்கம் சேர்க்காதீர்கள். பழக வேண்டியது வால்வு, உணரி அல்ல.

எங்கள் டி.சி.எஸ்.-இல் இதைக் கட்ட என்ன செய்ய வேண்டும்?

புது மென்பொருள் தேவையில்லை, இன்னொரு பி.ஐ.டி. பிளாக் போதும். அதன் அளவீடாகச் சின்ன வால்வின் கண்ட்ரோலர் வெளியீட்டைக் கொடுங்கள், செட்பாயிண்ட்டாக ஓய்வு மதிப்பை, வெளியீட்டைப் பெரிய வால்வுக்கு. தொகையீட்டுப் பகுதி மட்டும், அல்லது மிகச் சிறிய கெயினுடன் பி.ஐ. வேகமான லூப்பை விட 5 முதல் 10 மடங்கு மெதுவாக வைத்துத் தொடங்குங்கள். இரண்டு லூப்பும் ஒன்றையொன்று துரத்தத் தொடங்கினால் இன்னும் மெதுவாக்குங்கள். முதலில் வேகமான லூப்பைத் தனியாக ட்யூன் செய்து முடித்துவிட வேண்டும், இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

பிறகு ஓரங்கள். ஆபரேட்டர் சின்ன வால்வை மேனுவலுக்கு எடுத்தால் இரண்டாவது பிளாக் இருந்த இடத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பெரிய வால்வு கடைசிவரை போய் முட்டும். பெரிய வால்வு எல்லையைத் தொட்டால் தொகையீடு மேலே சேரக் கூடாது. சின்ன வால்வு முட்டி நிற்கும் நேரத்தில் மட்டும் பெரியதைக் கொஞ்சம் வேகமாக நகர்த்தலாமா என்று யோசிக்கலாம், பல ஆலைகளில் அது பலன் தரும். பெரிய வால்வு ஒட்டி ஒட்டி நகர்கிறது என்றால் இரண்டாவது பிளாக்கில் ஒரு சிறு இடைவெளி விட்டு, சின்ன வால்வு 45-க்கும் 55-க்கும் நடுவில் இருக்கும்வரை எதையும் தொடாதே என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் முடிவில்லாமல் ஊசலாடும்.

ஆபரேட்டர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கேட்காமலே பெரிய வால்வு நகர்வதைப் பார்த்தால் இரவு ஷிஃப்டில் யாராவது அதை மேனுவலில் போட்டுவிடுவார்கள். அப்புறம் அது மேனுவலிலேயே கிடக்கும்.

பலன் கிடைத்ததா என்று எதை வைத்துப் பார்ப்பது?

பி.எச். அல்லது வெப்பத்தின் திட்ட விலக்கம் குறைந்திருக்கிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். அதோடு நிறுத்தாமல், வேகமான கருவி ஒரு நாளில் எவ்வளவு நேரம் 10-க்குக் கீழோ 90-க்கு மேலோ கிடந்தது என்று டிரெண்டிலிருந்து எடுங்கள். அந்த நேரம் முழுவதும் உங்கள் ஆலைக்கு வேகமான கருவியே இல்லை என்று பொருள். ரீஹீட்டர் போன்ற இடங்களில் மொத்த ஸ்ப்ரே ஓட்டத்தையும் கூட்டிப் பாருங்கள். பெரிய வால்வின் மொத்தப் பயணத் தூரம் குறைந்திருந்தால் மெயின்டனன்ஸ் ஆட்கள் உங்களைவிட அதிகம் சந்தோஷப்படுவார்கள். ஒப்பிடும் இரண்டு காலமும் ஒரே மாதிரி லோடில் இருந்தவையாக இருக்கட்டும், மழைக்காலத்தையும் கோடையையும் ஒப்பிட்டுவிட்டு வெற்றி என்று சொல்ல வேண்டாம்.

மாணவர் நான், வீட்டிலிருந்தே முயல முடியுமா?

முடியும். பைத்தானிலோ சைலேப் என்ற கணக்கீட்டு மென்பொருளிலோ இரண்டு முதல்படி அமைப்புகளை எழுதி, ஒன்றின் நேர மாறிலியை 5 நொடியும் மற்றதை 60 நொடியும் வைத்து, இரண்டின் வெளியீடுகளையும் கூட்டிவிடுங்கள். முதலில் வேகமானதை மட்டும் பி.ஐ.-ஆல் ஓட்டி, அதன் வெளியீட்டுக்கு மேலும் கீழும் எல்லை கட்டி, ஒரு படி இடையூறு கொடுங்கள். அது முட்டி நிற்பதைப் பார்த்த பிறகு இரண்டாவது கண்ட்ரோலரைச் சேருங்கள். ஓய்வு மதிப்பைப் பூஜ்யத்திலும் 50-இலும் மாற்றி வைத்து, இடையூறை ஒருமுறை மேல்நோக்கியும் ஒருமுறை கீழ்நோக்கியும் கொடுத்துப் பாருங்கள். நான்கு வரைபடங்களையும் ஒரே பக்கத்தில் போட்டால் ரீஹீட்டர் பற்றிச் சொன்னது எதற்கு என்று புரிந்துவிடும்.